தோடு வரையாதீர்கள்

(படக்கதை வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு 28 ஆண்டுகளாகக் கதைகளுக்குப் படம் வரைந்துவரும் ஓவியரின் பதில்கள்.)

கேள்வி: அக்கா, நான் வரையும் படக்கதையின் நாயகிக்கு வயது 16. காதோடு ஒட்ட வெட்டிய முடி. முதல் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் பலர் "இந்தப் பையன் யார்?" என்று கேட்கிறார்கள். முடியை நீட்டிவிடலாமா? காதில் தோடாவது போட்டுவிடட்டுமா?

இரண்டும் வேண்டாம், தங்கையே.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் படகு ஓட்டும் பெண் ஒருத்தியின் கதைக்குப் படம் வரைந்தேன். துடுப்புப் போடுகிறவளின் கண்ணில் முடி வந்து விழக்கூடாது என்று ஒட்ட வெட்டியே வரைந்தேன். அச்சான பிரதி கைக்கு வந்தபோது அவள் காதில் ஒரு வளையம் இருந்தது. அது என் கோடு இல்லை. என் பேனாவில் அவ்வளவு தடிமனாக மை இறங்காது. கேட்டதற்கு, "பெண் என்று தெரிய வேண்டாமா?" என்றார்கள். கதை நெடுகிலும் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்! இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், என் கண் அவள் முகத்துக்கு முன்னால் அந்த வளையத்தில் போய் நிற்கிறது.

உங்கள் வாசகர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடையாளம் எதுவும் இல்லாத உருவத்தை ஆண் என்றே எடுத்துக்கொள்ள நம் கண் பழகியிருக்கிறது. 1980இல் வந்த பேக்மேன் என்ற வீடியோ விளையாட்டில் இருந்தது வெறும் மஞ்சள் வட்டம்தான். வாயைத் தவிர ஒன்றும் கிடையாது. அது ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1982இல் அதற்குப் பெண் வடிவம் செய்தவர்கள் அதே வட்டத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, உதட்டுச் சாயம் பூசினார்கள். உங்கள் நாயகிக்கு நீங்கள் மாட்ட நினைக்கும் தோடும் அந்த ரிப்பனும் ஒன்றுதான்.

1998இல் வந்த முலான் படத்தில், போருக்குப் போகும் சீனப் பெண் முலான் ஆண் வேடம் போடுவதற்காக வாளால் தன் கூந்தலை அறுத்துக்கொள்கிறாள். மூலமான பழைய சீனக் கதைப்பாடலில் முடியை வெட்டும் காட்சியே இல்லை. அக்காலச் சீனத்தில் ஆண்களும் நீள முடி வைத்திருந்தவர்கள். வெட்டினால் ஆண்போலத் தெரியும் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. பாடலில் முலான் போர் முடிந்து வீடு திரும்பி, சன்னலருகே உட்கார்ந்து, மேகம் போன்ற தன் முடியைச் சீர்செய்துகொள்கிறாள். அந்த வாள்வெட்டு இன்றைய பார்வையாளரின் கண்ணுக்காகச் சேர்க்கப்பட்டது.

நம் மொழியில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. "வந்தாள்" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், பெண் என்பது தெரிந்துவிடுகிறது. முதல் பக்கத்திலேயே யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும். பிறகு உங்கள் முழுக் கவனமும் பின்கழுத்துக்குப் போகட்டும். நீள முடி மறைத்துவிடும் இடம் அது. பிடரியில் அடங்காமல் சுருண்டு நிற்கும் இரண்டு முடி, காதின் பின்புற வளைவு, பொய் சொல்லும்போது விறைத்துக்கொள்ளும் நரம்பு. இதையெல்லாம் வரையும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தோட்டுக்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாயகி முடியை வெட்டிக்கொண்டதற்குக் கதையில் காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார் என் நண்பர். காதல் தோல்வி என்று வைக்கலாமா?

வைக்காதீர்கள். துயரம், தண்டனை, நோய், துறவு என்று எதையாவது ஏற்றினால்தான் பெண்ணின் குட்டை முடி கதைக்குள் வரலாம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். அப்படி ஏற்றிய நல்ல காட்சிகளும் உண்டு. 1868இல் வெளியான 'லிட்டில் விமன்' நாவலில் நாயகி ஜோ 25 டாலருக்குத் தன் முடியை விற்றுவிட்டு வந்து, இரவில் அதற்காக அழுகிறாள். அழகான இடம். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படம். இளவரசி தானாகக் கடைக்குள் நுழைகிறாள். முடிதிருத்துபவர் நம்பமுடியாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவள் இன்னும் மேலே, இன்னும் மேலே என்கிறாள். வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள், வெட்டிக்கொண்டாள். அவ்வளவு போதும்.

காரணம் கேட்கும் பழக்கம் கதையோடு நிற்பதில்லை. 1431இல், பிரான்சுக்காகப் போரிட்ட பெண் ஜோன் ஆஃப் ஆர்க் மீது நடந்த விசாரணையில், ஆண் உடை அணிந்ததோடு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்கொரிய வில்வித்தை வீராங்கனை ஆன் சான் 3 தங்கம் வென்றார். அந்த நாட்களிலேயே அவருடைய குட்டை முடிக்காக அவரை இணையத்தில் வசைபாடினார்கள். உங்கள் நாயகியிடமாவது யாரும் விளக்கம் கேட்காமல் இருக்கட்டுமே.

கேள்வி: என் 4 வயது மகள் கதைப் புத்தகத்தில் குட்டை முடி வைத்த பெண்ணைக் காட்டி "அண்ணன்" என்கிறாள். ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டுமா?

இந்த வயதில் அது இயல்பு. முடியையும் உடையையும் மாற்றினால் பெண் ஆணாகிவிடலாம் என்றே சின்னக் குழந்தைகள் நினைக்கிறார்கள். 6, 7 வயதுவாக்கில்தான் அந்த எண்ணம் மாறுகிறது என்று உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966இலேயே எழுதியிருக்கிறார். அதட்டித் திருத்த வேண்டாம். நீங்கள் "அவள் போனாள், அவள் சிரித்தாள்" என்று படித்துக்கொண்டே போங்கள்.

வளையம் இல்லாத அந்தப் படகுப் படத்தின் அசல் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த சிறுமி ஒருத்தி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அண்ணனா, அக்காவா?" என்று கேட்டாள். அக்கா என்றேன்.

"துடுப்பு ரொம்பக் கனமாக இருக்குமா?" என்றாள்.