அடியில் அரசர் பெயர் இருந்தால் அசலா?

கேள்வி: ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டில் ஒரு கடையில் நீல-வெள்ளைப் பீங்கான் தட்டு பார்த்தேன். அடியில் இரண்டு நெடுவரிசையில் ஆறு எழுத்து. ‘மகா மிங், ஷுவாண்டே ஆட்சியில் செய்தது’ என்று படித்துக் காட்டினார் கடைக்காரர். அரசவைப் பீங்கான் என்று நம்பலாமா?

பதில்: எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். மிங் வம்சப் பேரரசர் ஷுவாண்டேயின் காலம் 1426 முதல் 1435 வரைதான். அந்தப் பெயரை எழுதும் பழக்கம் அதோடு நிற்கவில்லை. 1677-இல், சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்டெஜென்னின் அதிகாரி, அப்போதைய பேரரசர் காங்ஷியின் பெயரைப் பீங்கானில் எழுதத் தடை போட்டார். குயவர்கள் பழைய மிங் பெயர்களை எழுதினார்கள். இல்லையென்றால் வெறும் இரட்டை வளையம் போட்டு விட்டார்கள். அதெல்லாம் பழம்பொருள்தான். ஆனால் விலை வேறு.

இடது வரிசையின் மேல் எழுத்தைப் பாருங்கள். அதுதான் ஷுவாண்டேயின் ‘டே’. அசல் ஷுவாண்டே முத்திரைகளில், அந்த எழுத்தின் ‘இதயம்’ என்ற உறுப்புக்கு மேலே வர வேண்டிய சிறு கிடைக்கோடு பெரும்பாலும் இருக்காது. கோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லையென்பதற்காகத் துள்ள வேண்டாம். போலி செய்பவருக்கும் இது தெரியும்.

அடுத்து நீலம். ஷுவாண்டே காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட் என்ற நீல நிறமியில் இரும்பு அதிகம். சூளையில் அது திரண்டு, கருத்த புள்ளிகளாக மேலே உள்ள கண்ணாடி போன்ற மெருகுக்குள் இறங்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டு நகல்களில் இதே புள்ளியைத் தூரிகையால் வேண்டுமென்றே வைத்தார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வரிசையாக இருப்பது தெரிந்துவிடும்.

கீறல்களையும் பாருங்கள். புழங்கிய தட்டில் அவை நாலா திசையிலும் ஓடும். எல்லாம் ஒரே பக்கமாக ஓடினால் உப்புத்தாள் வேலை. அடிவளையத்தில் பழுப்புக் கறை இருந்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பூசிய பழமை பல நேரம் பஞ்சோடு வந்துவிடும்.

கேள்வி: வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழ் தருகிறார்கள். போதாதா?

பதில்: போதாது. கடைசியாகச் சூளையில் வெந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைத்தான் அது சொல்லும். அரசுச் சூளையா, தனியார் சூளையா என்று சொல்லாது. அடிப்பாகத்தில் துளையிட்டுத்தான் மாதிரி எடுப்பார்கள். அதனால் உடைந்த பழைய அடியைப் புது உடலோடு ஒட்டி ஏமாற்றுவதும் உண்டு. சான்றிதழைவிட, படத்தோடு வந்த பழைய ஏல அட்டவணையோ பழைய ரசீதோ மேல். ரசீதில் ‘ஷுவாண்டே முத்திரை’ என்று மட்டும் இருந்தால், காலத்துக்கு விற்பவர் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். ‘முத்திரையும் காலமும் ஷுவாண்டே’ என்று எழுதச் சொல்லுங்கள். தவறென்று தெரிந்தால் பணம் திரும்பும் என்ற வரியும் சேரட்டும். தயங்கினால் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பெய்ஜிங் பான்ஜியாயுவான் சந்தையில் வாங்கி எடுத்து வரலாமா?

பதில்: நகலென்று தெரிந்து, நகல் விலைக்கு வாங்கினால் தாராளமாக. 1911-க்கு முந்தைய பீங்கானைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோக 2007 முதல் கெடுபிடி அதிகம். அசல் என்று சத்தியம் செய்பவரிடம், ஏற்றுமதி அனுமதிக்கான மெழுகு முத்திரை எங்கே என்று கேளுங்கள்.