கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன் சோப்பு நீரால் சோதியுங்கள்

வணக்கம். 8 ஆண்டான உங்கள் பெரிய எஸ்யூவி, சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரவில் நின்றால் காலையில் முன் இடப்பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறது, பணிமனையில் ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷனில் எஃகுச் சுருளுக்குப் பதில், காற்றடைத்த ரப்பர் பைதான் வண்டியைத் தாங்குகிறது. வண்டியின் எடை அதன்மேல் ஏறி இறங்கும்போது ரப்பர் மடியும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பையை. அடுத்து அதன் குழாய் இணைப்பு, ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து விடும் வால்வுத் தொகுதி. கம்ப்ரசர் பழுதானால் வண்டி உயர மறுக்கும். ஒரு மூலை மட்டும் இரவில் இறங்குவதற்கு அது காரணமாவது அரிது.

சஸ்பென்ஷனை உச்ச உயரத்திற்கு ஏற்றி, பையின் மடிப்பிலும் இணைப்பிலும் சோப்பு நீர் தெளிக்கச் சொல்லுங்கள். குமிழி வரும் இடமே கசிவு. காற்றை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. வண்டியைத் தாங்கி நிறுத்தும் தாங்கிகள் (ஜாக் ஸ்டாண்ட்) கட்டாயம் வேண்டும்.

கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறும். நம் ஊர் ஈரக்காற்றில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அதன் உலர்த்தியும் சீக்கிரம் ஈரத்தால் நிறைந்துவிடும். அப்போது புதிய கம்ப்ரசரும் அதே கதிக்கு ஆளாகும். எனவே பை முதலில்.

சிஓஇ (வண்டி வைத்திருக்க 10 ஆண்டுக்குத் தரப்படும் உரிமைச் சான்றிதழ்) முடிய 2 ஆண்டுகள்தானே இருக்கின்றன? புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்பதையும் எழுதுங்கள்; முன்பைகள் இரண்டையும் சேர்த்து மாற்றலாமா என்பது அதைப் பொறுத்தது.