அந்த ஆட்டு உவமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தின் வார்சா நகரில், ஜெர்மானியர் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியில் நடந்த எழுச்சி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1943 ஏப்ரலில் சில நூறு பேர் கைத்துப்பாக்கிகளும் பெட்ரோல் குண்டுகளுமாக ஜெர்மானியரை ஏறத்தாழ ஒரு மாதம் திணறடித்தார்கள் என்றால், அறுபது லட்சம் யூதர்கள் ஏன் ஆட்டுமந்தைபோல் சாவுக்குப் போனார்கள்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

க., மதுரை

அன்புள்ள க.,

கூச்சம் வேண்டாம். அந்த உவமையே ஒரு யூதர் சொன்னதுதான். 1941 டிசம்பர் 31 இரவு வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) கெட்டோவில் இளைஞர்கள் கூடிய இடத்தில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. வெட்டுக்குப் போகும் ஆடுகளாக இருக்க வேண்டாம் என்றது அது. எழுதியவர் அப்பா கோவ்னர் என்ற கவிஞர், வயது 23. உயிரோடிருப்பவர்களை உசுப்புவதற்காக அவர் சொன்னதை நாம் எடுத்துச் செத்தவர்கள்மேல் போட்டுவிட்டோம். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

அதே வில்னாவில் 1943 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். கெட்டோவில் ரகசியமாக இயங்கிய யூத ஆயுதக் குழுவின் தலைவர் இட்சிக் விட்டன்பெர்கை ஒப்படைக்காவிட்டால் கெட்டோவையே அழித்துவிடுவோம் என்று மிரட்டினார்கள் ஜெர்மானியர். கெட்டோ மக்களே தெருவில் இறங்கி அவரைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். விட்டன்பெர்க் பொறுப்பைக் கோவ்னரிடம் விட்டுவிட்டுத் தானே போய்ச் சரணடைந்தார், காவலிலேயே இறந்தார். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது, செப்டம்பரில் கெட்டோ துடைத்தெடுக்கப்பட்டது. ஒருவன் கை ஓங்கினால் அடி விழுவது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு என்னும்போது எத்தனை பேர் ஓங்குவார்கள்?

இன்னொன்று. ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் போர்க்கைதிகளில் சுமார் 30 லட்சம் பேர் பசியிலும் குளிரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். பயிற்சி பெற்ற வாலிபர்கள். இடுப்பில் குழந்தை கிடையாது, பின்னால் தள்ளாத தாய் கிடையாது. அவர்களை யாரும் ஆடுகள் என்பதில்லை.

எனக்குப் பிடித்தவர் துவியா பீல்ஸ்கி. இன்றைய பெலாரஸில் மாவு ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பெற்றோரை 1941 டிசம்பரில் கொன்றுவிட்டார்கள். சகோதரர்களோடு காட்டுக்குள் போய்விட்டார். கெரில்லாக் குழுக்கள் பலவும் துப்பாக்கி இல்லாமல் வருபவனைச் சேர்க்காத காலம் அது. துவியாவோ கெட்டோக்களுக்கு ஆளனுப்பிக் கிழவிகளையும் குழந்தைகளையும் வரவழைத்தார். இத்தனை வயிற்றுக்கு எங்கே போவது என்று அவருடைய ஆட்களே முணுமுணுத்தார்கள். சாப்பாட்டுக்கு வழி, அக்கம்பக்கத்துக் கிராமங்களில் துப்பாக்கியைக் காட்டி எடுத்துவருவதுதான். கொடுத்த குடியானவனும் ஏழை. இதை மறைத்து அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு மனமில்லை.

1943 கோடையில் நலிபோகி காட்டை ஜெர்மானியப் படை வளைத்தது. மொத்தக் கூட்டமும் சதுப்பு நிலத்துக்குள் இறங்கியது. தூக்கத்தில் சரிந்து மூழ்கிவிடாமலிருக்கச் சிலர் இடுப்பு வாரால் தங்களை மரத்தோடு கட்டிக்கொண்டு கண்ணயர்ந்தார்கள். சண்டை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இடுப்பு வார்தான்.

பிழைத்து வந்து காட்டுக்குள்ளேயே ஓர் ஊரைக் கட்டினார்கள். ரொட்டி சுடும் அடுப்பு, மாவு ஆலை, தோல் பதனிடும் கூடம், தையல்காரர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள். கிழிந்த பூட்ஸைத் தைத்துக்கொள்ள சோவியத் கெரில்லாக்கள் இங்கேதான் வந்தார்கள். அந்தச் செருப்புத் தைப்பவரை உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. என் கணக்கில் அவர் படைவீரர்.

1944 கோடையில் அந்தக் காட்டிலிருந்து 1,200க்கும் மேற்பட்டோர் உயிரோடு வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள். துவியாவின் தம்பி அசாயேலைச் சோவியத் ராணுவமான செஞ்சேனை சேர்த்துக்கொண்டது. 1945இல் போர்முனையில் இறந்தார். துவியா நியூயார்க் போய் லாரித் தொழில் செய்து, 1987இல் அதிகம் பேர் அறியாமலே போய்ச் சேர்ந்தார்.