லீவில் வரும் ராணுவ வீரர் சீருடையில் வெளியே வரலாமா? என் திருமணத்துக்கு அண்ணனை அப்படி வரச் சொன்னால் மறுக்கிறார்

மறுக்கிற அண்ணனை வற்புறுத்தாதீர்கள், தங்கை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அண்ணன் மிடுக்காக நிற்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. என் அம்மாவுக்கும் இதே ஆசைதான் இருந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1995-இல் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கப்பற்படையிலும் விமானப்படையிலும் பழக்கம் வேறாக இருக்கலாம். அவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். எங்கள் பட்டாலியனில் லீவ் போகிறவன் சிவில் உடையில்தான் கேட்டைத் தாண்டுவான். சி.ஓ.விடம், அதாவது பட்டாலியன் தலைமை அதிகாரியிடம், அனுமதி பெற்றுத் திருமணத்தில் சீருடையில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் சுட்டிக்காட்டிச் சண்டைக்கு வராதீர்கள். அனுமதி பெற்று ஒரு மணி நேரம் மேடையில் நிற்பது வேறு, ஆசைக்கு உடுத்திக்கொண்டு பஸ் ஏறுவது வேறு.

பாதுகாப்பு என்ற காரணத்தை எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் காட்பாடிக்கு வரும்போது கையில் துப்பாக்கி இருக்காது, பக்கத்தில் செக்‌ஷன் தோழர்கள் இருக்க மாட்டார்கள். பெட்டியும் போர்வையும்தான் துணை. 2018 ஜூனில் ரைபிள்மேன் ஔரங்கசீப் ஈத் பண்டிகைக்காக லீவில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோது காஷ்மீரில் கடத்திக் கொல்லப்பட்டார். ஆயுதமின்றித் தனியாகப் போகிறவன் தன்னை இன்னான் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டு போகக்கூடாது.

ஆனால் எனக்கு இது புரிந்தது காஷ்மீரில் அல்ல, வேலூரில் ஒரு டவுன் பஸ்ஸில்.

1996. நீலகிரி வெலிங்டனில் எங்கள் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி முடிந்து, கசம் பரேடு என்கிற உறுதிமொழி அணிவகுப்பில் சத்தியப் பிரமாணம் எடுத்து, முதல் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். வயது பத்தொன்பது. 'சிவில் டிரஸ்ஸில் போ, ஓஜி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்' என்று, பச்சைச் சீருடையைக் காட்டி, எங்கள் பயிற்சியாளரான உஸ்தாத் சொல்லித்தான் அனுப்பினார். அம்மாவோ கடிதத்துக்குக் கடிதம் 'பட்டாளத்துச் சட்டையோடு வா ராசா, கண்ணால் பார்க்க வேண்டும்' என்று எழுதச் சொல்லியிருந்தார். நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே காட்பாடியில் இறக்கிவிட்டது. பயணிகள் ஓய்வறையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து சீருடையை எடுத்து உடுத்தினேன். பெல்ட், பூட்ஸ், யானைச் சின்னம் வைத்த தொப்பி என்று ஒன்றையும் விடவில்லை. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். என் கால் தரையில் படவில்லை.

வேலூரில் எங்கள் ஊர்ப் பஸ் ஏறினேன். மொத்தக் கடையில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாட்டி, மல்லிகை மூட்டையோடு படியருகே நின்றிருந்தார். மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். பாட்டியிடம் சில்லறை போதவில்லை. 'அப்படியானால் இறங்கு' என்றார் அவர். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. சாதாரணச் சட்டையில் இருந்திருந்தால் பையிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. 'பாட்டியை இறக்கிவிடுவாயா?' என்று கத்திக்கொண்டே கண்டக்டரின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். அவர் பின்னால் சாய்ந்தார். கம்பியில் மோதிப் புருவம் பிளந்தது. தூக்கிவிடப் போனபோது அவருடைய ரத்தம் என் காலரில் ஒட்டியது.

டிரைவர் பஸ்ஸை நேராகக் காவல் நிலையத்துக்கு விட்டார். அங்கே எழுத்தர் என் பெயரைக் கேட்கவே இல்லை. சட்டைப் பையின் மேலிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தே எழுதிக்கொண்டார். தோள்பட்டையைப் பார்த்து ரெஜிமெண்டையும் எழுதினார். பிறகு அதிகாரி வந்து லீவ் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: 'நீ லீவில் இருக்கிறாய். அவர் டியூட்டியில் இருக்கிறார்.'

காக்கிச் சட்டையோடு, புருவத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் கண்டக்டர். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். அந்தச் சீருடையை அவர் வேலைக்காக அணிந்திருந்தார். நான் எதற்காக அணிந்திருந்தேன்?

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்களே, அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் இப்படி ஒருவராவது இருப்பார். செய்தி கேட்டு சைக்கிளில் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நேராகக் கண்டக்டரிடம் போய்க் கை கூப்பினார். 'எங்கள் ரெஜிமெண்ட் பையன். நான் மன்னிப்புக் கேட்கிறேன்' என்றார். தள்ளியது நான்; தலை குனிந்தது, ஒரு தப்பும் செய்யாத ஒரு கிழவர். நல்ல மனிதர் அந்தக் கண்டக்டர், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவாகியிருந்தால் வெலிங்டனுக்குத் தகவல் போயிருக்கும், என் கதையும் அதோடு முடிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. அம்மா திண்ணையில் ஆரத்தித் தட்டோடு காலையிலிருந்து காத்திருந்தார். காலரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கிணற்றடியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அடுத்த லீவுக்கு முன்னால் வந்த கடிதத்தின் கடைசி வரி 'வெள்ளைச் சட்டையில் வா' என்று இருந்தது.

மறுநாள் அதே பஸ்ஸில் வேட்டி சட்டையோடு ஏறிக் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். பூக்காரப் பாட்டியும் இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

'ஒருவர் செய்த தவறுக்கு சீருடையை ஏன் குறை சொல்கிறீர்கள்?' என்று சிலர் கேட்பீர்கள். குறை சொல்லவில்லை. அதன்மீது எனக்கிருக்கும் மரியாதை உங்களுக்கு இருப்பதைவிடக் குறைவும் அல்ல. அதை உடுத்தியவன் கை ஓங்கினால் ஓங்கியது ரெஜிமெண்ட். மேலே அதிகாரியும் பக்கத்தில் தோழனும் இல்லாத இடத்தில் அந்தப் பாரத்தைப் பத்தொன்பது வயதுப் பையன் தனியாகச் சுமக்கக்கூடாது என்கிறேன்.

இன்னொன்று, நடைபாதையில் விற்கிற பட்டாளத்துப் பச்சைத் துணி. 2016 ஜனவரி 2 அன்று பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் அந்த மாதிரி உடைகளை அணிய வேண்டாம், கடைகளில் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் புதிய சண்டைச் சீருடையை அறிமுகப்படுத்தி, அதன் வடிவத்துக்குப் பதிவு உரிமையும் வாங்கினார்கள். ராணுவத்தில் இல்லாதவர், தன்னை ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அப்படி உடுத்தினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 140-ஆவது பிரிவு. இத்தனைக்குப் பிறகும் நேற்றுகூட எங்கள் ஊர்ச் சந்தையில் அந்தத் துணி தொங்குகிறது. எங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் காக்கிற உடை அங்கே பேரத்துக்குக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிக்கிமில் இருந்தபோது எங்கள் நிலத்தில் நான்கு சென்டைப் பக்கத்துக்காரர் வரப்பைத் தள்ளி எடுத்துக்கொண்டார். அளந்து கொடுக்கச் சொல்லி லீவில் வந்து அலுவலகத்துக்கு நடந்தேன். 'யூனிஃபார்மில் போங்கள் மாமா, நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்' என்றான் மைத்துனன். நான் சட்டை வேட்டியில் போய்க் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை நின்றேன். கட்டணம் இரண்டு முறை கட்டியாயிற்று, இன்னும் அளக்கவில்லை. நாட்டின் எல்லையில் நிற்கிறவன் வயலின் எல்லை பறிபோனால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? அன்று சீருடையில் போயிருந்தால் ஒருவேளை அளந்திருப்பார்கள். போகாததற்கு நான் வருந்தவில்லை, கோபம் மட்டும் தீரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் பட்டு வேட்டியில் வரட்டும். பெரியவர்கள் ஆசைப்பட்டால் கசம் பரேடு அன்று எடுத்த படம் அண்ணனிடம் இருக்கும், அதை ஃபிரேம் போட்டு மண்டபத்தில் வையுங்கள். லீவ் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. திரும்பும் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். முகூர்த்த நாட்களில் வடக்கே போகும் வண்டிகளில் இடம் கிடைப்பதில்லை.