பதினைந்தாயிரம் தள்ளுபடி, பதினோராயிரம் தவணை

கேள்வி: வயது 27. குரூப் 4 எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பிடித்தம் போக 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. இன்னும் திருமணம் ஆகவில்லை. அம்மாவும் காலேஜ் படிக்கும் தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். கார் ஷோரூமில் அரசு ஊழியர் என்றால் 15,000 குறைக்கிறார்கள், கார் கடனுக்கு வங்கியில் அரை சதவீத வட்டி குறைவாம். ஏழு லட்சம் கடன் போட்டால் வண்டி வந்துவிடும். இது போக தபால் ஆயுள் காப்பீடு, கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்று தினம் ஒருவர் வந்து நிற்கிறார். கவர்ன்மென்ட் வேலைக்கு வரும் சலுகையை விடக் கூடாது என்கிறார்கள் சீனியர்கள். எதை எடுக்கலாம்? – வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் காரை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் மனசு அங்கேதான் இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

ஏழு லட்சம், ஏழு ஆண்டு, வட்டி 9.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 11,530 ரூபாய். அரை சதவீதம் குறைத்து 9.25-க்குக் கொடுத்தால் சுமார் 11,350. ஆக, சலுகை மாதத்துக்கு 180 ரூபாய். ஏழு ஆண்டுக்கும் சேர்த்தால் ஒரு பதினைந்தாயிரம், ஷோரூம் தரும் 15,000-ஐயும் கூட்டினால் முப்பதாயிரம். இந்த முப்பதாயிரத்தைப் பிடிப்பதற்கு நீங்கள் கட்டப்போகும் வட்டி மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல்! அதோடு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ். 28,000-ல் 11,350 போனால் மிச்சம் 16,650, அதில் வீட்டு வாடகை, தம்பி ஃபீஸ், அம்மா மருந்து. வேண்டாம். அந்த ஷோரூம் தள்ளுபடி வங்கி ஊழியருக்கும் உண்டு, ஐடி கம்பெனிக்காரருக்கும் உண்டு, பெயர்தான் மாறும். ஆகவே இன்று விட்டால் போய்விடும் என்ற பயம் தேவையில்லை, மூன்று வருஷம் கழித்துப் போனாலும் உங்களுக்கு அது காத்திருக்கும்.

உங்கள் மேல் எல்லோருக்கும் ஏன் இவ்வளவு அன்பு என்று யோசித்தீர்களா? மாதம் பிறந்தால் சம்பளம் வரும், 60 வயது வரை வரும், தவணையை நேராக அதிலேயே பிடித்துக்கொள்ளலாம். கடன் கொடுப்பவருக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். வட்டியில் அவர்கள் குறைப்பது உங்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை, அவர்களுக்கு ரிஸ்க் குறைவு, அதில் ஒரு துளியை உங்களுக்குத் தருகிறார்கள், அவ்வளவுதான். பர்சனல் லோனும் இதே கதை. தேவை இருந்து வாங்கினால் குறைந்த வட்டி நல்லது. குறைந்த வட்டி கிடைக்கிறதே என்று தேவையைத் தேடிப் போகாதீர்கள்.

சரி, உருப்படியான சலுகைகளுக்கு வருகிறேன். இவற்றை விற்க யாரும் உங்கள் மேஜைக்கு வர மாட்டார்கள், நீங்களாகத்தான் போய் வாங்க வேண்டும்.

முதல் காரியம் உங்கள் சம்பளக் கணக்கு. 2025-ல் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளுடன் ஒப்பந்தம் போட்டது – ஸ்டேட் பாங்க், இந்தியன் வங்கி, ஐஓபி, கனரா, பாங்க் ஆஃப் பரோடா, யூனியன் பாங்க், ஆக்ஸிஸ். இவற்றில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ ஒரு கோடி ரூபாய், பணியில் இருக்கும்போது இயற்கையாக இறந்தால் 10 லட்சம். பெண் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் தனியாக உதவி. பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டாம். ஆனால் நான் பார்த்தவரை இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: காலேஜில் படிக்கும்போது திறந்த பழைய சேமிப்புக் கணக்கு நம்பரையே களஞ்சியத்தில் (சம்பளம் போடும் அரசு இணையதளத்தில்) கொடுத்திருப்பார்கள், சம்பளமும் அதிலேயே விழும், வங்கியின் பார்வையில் அது சாதாரணக் கணக்கு. கிளைக்குப் போய், அரசு ஊழியர் சம்பளக் கணக்குத் திட்டத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், மாற்றியாயிற்றா என்று மறுபடி கேளுங்கள். நாமினியாக அம்மா பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் திட்டத்தில் காகிதம் எதுவும் வீட்டுக்கு வராது என்பதால், அம்மாவுக்கோ தம்பிக்கோ இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைப்பதும் முக்கியம்.

அடுத்தது, சம்பளத்தில் மாதாமாதம் 300 ரூபாய் பிடிக்கிறார்களே, மருத்துவக் காப்பீடு. 2021-ல் தொடங்கிய திட்டத்தில் நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று இருந்தது. திருமணம் ஆகாதவர் என்பதால் அம்மாவும் அதில் வரலாம், ஆனால் அவர் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டால் அம்மா அதிலிருந்து விலகிவிடுவார். அப்போது அவர் வயதுக்கும் சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருந்தால் அதற்கும் புதிதாக பாலிசி எடுப்பது பெரும்பாடு. அதனால் இப்போதே அவருக்குத் தனியாக ஒரு சின்ன மெடிக்கல் பாலிசி போட்டு வைத்தால் காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தராத ஆரம்ப ஆண்டுகள்) இன்றிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். கார் தவணையில் ஒன்றிரண்டு மாதத்துப் பணம் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

தபால் ஆயுள் காப்பீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1884-ல் தபால் துறை ஊழியர்களுக்காக ஆரம்பித்தது, எண்டோமென்ட் (காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்த பாலிசி) வகைகளில் அது பரவாயில்லை, போனஸ் நன்றாகவே தருகிறார்கள். அரசு ஊழியருக்கு மட்டும் என்பது பழைய கதை, இப்போது பட்டதாரிகளும் சேரலாம். சேமிப்பாகப் போடுவதானால் போடுங்கள், ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டியது அது இல்லை. 10 லட்சத்துக்கு பாலிசி போட்டால் தம்பி படிப்பும் அம்மாவின் இருபது வருடச் செலவும் அதில் அடங்குமா? வங்கிக் கணக்கின் ஒரு கோடியும் விபத்துக்குத்தான். நோயில் போனால் 10 லட்சம், அதோடு அரசு ஊழியர் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து ஒரு 5 லட்சம். எனவே 50 லட்சத்துக்காவது ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுங்கள், 27 வயதில் பிரீமியம் பெரிதாக உறைக்காது. அப்புறம், வரி மிச்சமாகும் என்று யாராவது ஃபாரம் நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை, உங்களுக்கு மிச்சம் பிடிக்க வரியே கிடையாது.

பண்டிகை முன்பணம் தெரிந்திருக்கும். 2025-ல் 10,000-லிருந்து 20,000 ஆக்கினார்கள். வட்டி இல்லை, பத்து மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு எப்படியும் செலவு உண்டு என்றால் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதற்குப் பதில் இதை வாங்கலாம். தம்பிக்குக் கல்வி முன்பணம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள், அது பிள்ளைகளுக்கு. வீடு கட்ட முன்பணம் இருக்கிறது, அதற்கு இன்னும் சில வருட சர்வீஸ் ஆகட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: சிக்கன நாணயச் சங்கம், அதாவது ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம். உங்களுக்குக் கடன் தேவைப்படும்போது அது உதவும், ஆனால் அதற்கு முன்பே சக ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துக்காக உங்களிடம் வருவார். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை, தோழிக்காகப் போட்ட ஒரே கையெழுத்துக்கு, அந்தத் தோழி தவணையை நிறுத்திய பிறகு இரண்டு வருடம் சம்பளத்தில் பிடித்தம் கட்டினார். பேச்சுவார்த்தையும் போயிற்று, பணமும் போயிற்று. முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மா திட்டுவார் என்று சொல்லுங்கள், அம்மாக்கள் இதற்கெல்லாம் உதவுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இருப்பது வட்டாட்சியர் அலுவலகம் என்பதால். பட்டா விஷயமாக வந்து போகும் கடைக்காரர் "உங்களுக்கு மட்டும் மேடம்" என்று ஃப்ரிட்ஜிலோ நகைச் செய்கூலியிலோ குறைத்தால் அதற்குப் பெயர் சலுகை இல்லை. எல்லா அரசு ஊழியருக்கும் அறிவித்த தள்ளுபடி வேறு, உங்கள் நாற்காலிக்காக வரும் தள்ளுபடி வேறு. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-லிருந்தே இருக்கின்றன. கார் வாங்கும் நாள் வந்தாலும் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காருக்கு என்ன வழி என்றால், தவணை 11,350 என்று நினைத்துக்கொண்டு, அதில் 6,000-ஐ மட்டும் மாதாமாதம் ஆர்டி-யில் (தொடர் வைப்பில்) போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் சிரமமில்லாமல் கட்ட முடிந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது எந்த வண்டி என்று பேசலாம்.