எதில் முதல்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் "முதலில் யார்?" வகை. அதனால் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் ஒன்றுக்குக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறேன்.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்கிறார்களே? (பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

தெரியாது. நீளம் பல ஆயிரம் கி.மீ. இருந்தாலும் அகலம் பெரும்பாலும் 5, 6 மீட்டர்தான். நிலவோ சுமார் 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. மொட்டைமாடியில் நீளமான நூல் ஒன்று கிடந்தால் எதிர்த்தெருவிலிருந்து தெரிகிறதா? அகலம்தான் கணக்கு. 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமிக்குப் பக்கத்தில் சுற்றியபோதுகூடச் சுவர் தன் கண்ணில் படவில்லை என்றார்.

நோபலின் மனைவி ஒரு கணித அறிஞரோடு போய்விட்டதால்தான் கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லையாமே? வாட்ஸாப்பில் படித்தேன். (சேலம்)

ஆல்ஃபிரட் நோபல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் அதையாவது பார்த்திருக்க வேண்டும். 1895-இல் எழுதிய உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி என ஐந்து துறைகளைச் சொன்னார். கணிதத்தை விட்டதற்குக் காரணம் எதையும் அதில் எழுதவில்லை. கணிதத்துக்கு ஃபீல்ட்ஸ் பதக்கமும், 2003 முதல் ஏபெல் பரிசும் உண்டு. 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். சீனிவாச வரதன் சென்னையில் பிறந்தவர்.

பிப்ரவரி 28 சர் சி.வி. ராமன் பிறந்தநாள்தானே? (திண்டுக்கல்)

இல்லை. பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சியில். பிப்ரவரி 28 என்பது 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். தேசிய அறிவியல் நாள் அதற்காகத்தான்.

மின்சாரத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார்? எடிசனா, ஃபாரடேவா? ஒரே வரியில் சொல்லவும். (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

ஒரே வரியில் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய்யாகிவிடும். தமிழில் "கண்டுபிடித்தார்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்கனவே இயற்கையில் இருப்பதைக் கண்டறிவது ஒன்று. இல்லாத கருவியைச் செய்து உருவாக்குவது வேறொன்று. வினாவிடைப் புத்தகங்கள் இரண்டையும் கலந்துகட்டி அச்சிடுகின்றன, பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். பல வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

மின்சாரம் இயற்கையில் இருப்பது. அம்பரை, அதாவது கல்போல் இறுகிப்போன பழைய மரப்பிசினைத் தேய்த்தால் வைக்கோல் துரும்பு ஒட்டுவதைப் பழைய கிரேக்கர்களே பார்த்திருக்கிறார்கள். 1600-இல் வில்லியம் கில்பர்ட் அதை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1800-இல் வோல்ட்டா உலோக வில்லைகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை அடுக்கி, மின்னோட்டம் தொடர்ந்து தரும் மின்கலத்தை உருவாக்கினார்.

ஃபாரடே செய்தது வேறு. 1831 ஆகஸ்டில் ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கச் சுருளை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், மறுபக்கம் வைத்திருந்த காந்த ஊசி துள்ளியது. இணைப்பு அப்படியே இருந்தபோது ஊசி பழைய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. துண்டித்ததும் மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்த்திசையில். காந்தப்புலம் மாறும்போதுதான் மின்னோட்டம் பிறக்கிறது என்பது இப்படித்தான் பிடிபட்டது. மேட்டூர் அணையில் சுழலும் ஜெனரேட்டருக்கும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடிப்படை அந்த வளையம்தான்.

அப்புறம் எடிசன். 1879-இல் அவர் கொண்டுவந்தது நீண்ட நேரம் எரியும் பல்பு. அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் பல்பு எரிய வைத்தார், பிறகு இருவரும் சேர்ந்தே அங்கே கம்பெனி நடத்தினார்கள். ஆக, உங்கள் கேள்விக்கு ஒரு பெயர் கிடையாது. "முதல்" என்று எழுதினால் எதில் முதல் என்றும் எழுதுங்கள்.

தமிழின் முதல் கலைக்களஞ்சியம் எது? (நூலகர், யாழ்ப்பாணம்)

இங்கேயும் அதே கேள்வி: எதில் முதல்? புராண, இலக்கியப் பெயர்களை அகரவரிசையில் தந்ததென்றால் உங்கள் ஊரிலேயே 1902-இல் முத்துத்தம்பிப்பிள்ளையின் "அபிதான கோசம்" வந்துவிட்டது. 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் "அபிதான சிந்தாமணி" வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் அவர் ஒருவரே தொகுத்தது! அறிவியல், வரலாறு, கலை என எல்லாத் துறைகளுக்கும் அந்தந்த அறிஞர்களை எழுத வைத்துத் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட "கலைக்களஞ்சியம்" 1954-இல் தொடங்கி 1968-இல் பத்தாவது தொகுதியோடு முடிந்தது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். உங்கள் நூலகத்தில் முழுத் தொகுதியும் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். வாசகர் யாராவது மக்கள்தொகையையோ நாட்டு எல்லையையோ அதிலிருந்து எடுத்தால், அது அன்றைய நிலவரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

2100 லீப் ஆண்டா? (கோவை)

இல்லை. நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட வேண்டும். 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை.