பேச்சியா, யாழினியா?

அன்புள்ள அம்மா,

நாங்கள் செம்பூரில் வசிக்கிறோம். சென்ற மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதில் வீடு நான்காகப் பிரிந்து நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் மாமா (கணவரின் அப்பா), போன ஆண்டு காலமான தம் தாயாரின் பெயரான பேச்சியம்மாளைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். என் அம்மா, திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கணவருக்கு, மும்பையில் யாரும் திணறாமல் கூப்பிடும்படி மைரா என்று வைக்க எண்ணம். எனக்கோ கல்லூரி நாளிலிருந்தே யாழினி என்ற பெயரின்மேல் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், ‘பேச்சியெல்லாம் பட்டிக்காட்டுப் பெயர்’ என்று கணவர் சொல்லிவிட்டார். மாமா அதன்பின் எங்களோடு பேசவில்லை. மருத்துவமனையிலும் பெயரைச் சீக்கிரம் தரச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

எஸ்., செம்பூர், மும்பை

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் பெயர் இல்லாமலேயே பதியலாம் என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதே சமயம், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல காரியங்களுக்கும் அந்தச் சான்றிதழே ஆதாரம் என்றாகிவிட்டதால், அதில் ஒருமுறை ஏறும் பெயர் பிழையின்றி ஏற வேண்டும். நான்கு நாள் தாமதம் ஆகட்டும், பரவாயில்லை.

மைரா என்ற பெயர் தமிழ்க் காதில் எப்படி விழும் என்பதை நான் இங்கே எழுத்தில் விளக்க விரும்பவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தெருமுனையில் நின்று உரக்கக் கூப்பிட உங்கள் கணவர் ஆயத்தமா என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் அம்மாவின் கணக்கும் அவரையே மடக்கக் கூடியது. 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் திருவாதிரைக்குக் கிடைப்பவை கு, க, ங, ச. மூன்றாம் பாதத்துக்கு ஙகரம். ஙகரத்தில் தொடங்கும் ஒரு தமிழ்ப் பெயரை அவர் சொல்லிவிட்டால் நானும் அவர் பக்கம் சேர்ந்துகொள்கிறேன். தொட்டிலில் போடும் நாளன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொல்வதற்கென்று, அதே நட்சத்திரத்தின் வேறொரு பாதத்து எழுத்தில் ஒரு பெயரை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

மாமாவின் கோரிக்கையை இப்படி எளிதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. மூத்தவரின் பெயரைத் தாங்குகிறவள் என்பது அதன் பொருள். பேச்சி, தென்பாண்டிச் சீமையில் ஊர் ஊராகக் கோயில் கொண்டிருக்கும் காவல் தெய்வத்தின் பெயர். அதைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று சொன்னபோது, தாயை இழந்து ஓராண்டே ஆன ஒருவரிடம் அவருடைய தாயையே இழிவாகப் பேசியதுபோல் ஆகிவிட்டது. பெயர் எதுவாக முடிந்தாலும், உங்கள் கணவர் முதலில் அவரை அழைத்து இதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அவருக்காகப் பேச வேண்டாம். அது மகன் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் பாட்டியின் பெயரை வைத்த குடும்பங்கள் அந்தப் பெயரை எப்படிப் புழங்கின என்பதையும் மாமாவுக்கு நினைவூட்டலாம். என் அக்காவுக்கு எங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால், ரேஷன் கார்டில் இருந்த அந்தப் பெயரை எங்கள் அம்மா ஒருநாளும் உச்சரித்ததில்லை. அக்காவைப் பாப்பா என்றே கூப்பிட்டார். அறுபது வயதைக் கடந்த பின்னும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். ஆக, ஏட்டுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பெயர் வைப்பது நம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள்: ஏட்டில் யாழினி, வீட்டில் பேச்சி. வாயால் கூப்பிடப்படாத பெயரைவிடத் தினமும் பத்து முறை கூப்பிடப்படும் பெயரில்தான் அந்த அம்மாளின் நினைவு அதிகம் தங்கும் என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே இணங்குவார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

யாழினியிலும் இடர் உண்டு; அது ழகரம். என் மகளுக்கு எழில் என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில் வழக்கம்போல் இசட்டும் எச்சும் போட்டு இங்கே பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் வருகைப் பதிவின்போது ‘எஜில்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது தன் பெயர் என்றே தெரியாமல் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்க, குழந்தை பள்ளிக்கு வருவதில்லை என்று வீட்டுக்குச் சீட்டு வந்தது. நேரில் போனபோது மராத்தி ஆசிரியை ஒருவர் எப்படிச் சொல்வது என்று விசாரித்தார். குழந்தையைக் கொஞ்சும் உங்கள் ‘பாள்’ என்ற சொல்லில் வரும் எழுத்து என்றேன். அவர் ‘எளில்’ என்று சொல்ல, மகள் உடனே கையைத் தூக்கினாள். வாழைப்பழத்தை வாளப்பளம் ஆக்கிய சீமைக்காரியான எனக்கு அதில் குறை காண உரிமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, மகாராஷ்டிர அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயர், பிறகு தந்தையின் பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்று வரிசை வகுத்திருக்கிறார்கள். உங்கள் பெயர் அவள் பெயரை ஒட்டியே நிற்கப் போகிறது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம்மைப் போன்றவர்கள் நான்காம் இடத்தில் என்ன எழுதுவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பதியப் போகும் நாளில் ஆங்கிலக் கட்டத்தோடு நின்றுவிடாமல், மராத்திக் கட்டத்தில் ஜகரம் விழாமல் அந்தப் ‘பாள்’ எழுத்தே விழுந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.